தங்கம் என்றால் தள்ளி வை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் துறைக்குப் பர்சனல் என்று பெயர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அது மனிதவளம் ஆகியிருந்தது. பலகை மட்டும்தான் மாறியது. மேசை, நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி எல்லாம் பர்சனலாகவே இருந்தன. புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் கழுத்தில் டை கட்டியிருப்பதைப் பார்க்கிறேன். ஓசூர்க் குளிருக்கு நல்லதுதான்.

உங்கள் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதச் சொன்னீர்கள். தேர்வு வைப்பது, நேர்காணல் நடத்துவது, சம்பளம் பேசுவது எல்லாம் உங்களுக்குப் பாடமாகவே இருந்திருக்கும். நான் எழுதப் போவது விண்ணப்பத்தின் கடைசியில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தைப் பற்றி. 'உங்களை நன்கு அறிந்த இருவர்.' சேலை வாங்கினால் கடைக்காரர் போட்டுத் தரும் பை மாதிரி அதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. என் மகளின் வேலை அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்வரை நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நடந்து சில மாதங்கள் ஆகின்றன. எங்காவது போன் மணி அடித்தால் நான் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை ஆள் எடுத்தபோது, அந்த இடத்தில் பெரும்பாலும் பஞ்சாயத்துத் தலைவர், தலைமையாசிரியர், கோயில் தர்மகர்த்தா ஆகியோர்தான் இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கெட்ட பையனே பிறந்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஓர் அரசியல் பிரமுகர் ஒரே காலியிடத்துக்கு நாலு பேரை அனுப்பினார். நாலு பேருமே அவருக்குச் 'சொந்தத் தம்பி மாதிரி'. எங்கள் பர்சனல் மேனேஜர் நாலு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அண்ணன் தம்பிங்க நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்றார்.

சாயங்காலம் சங்கு ஊதும்வரை ஒருவரும் உள்ளே வரவில்லை.

நாகரசம்பட்டியிலிருந்து வந்த ஒரு பையன் அந்த இடத்தில் டவுன் பஸ் கண்டக்டரின் பெயரை எழுதியிருந்தான்.

"ஏம்பா, கண்டக்டருக்கு உன்னப் பத்தி என்னா தெரியும்?"

"டெய்லி டிக்கெட் வாங்கறேன் சார். ஒரு நாளும் ஓசில போனதில்ல. தலைவர் என்னப் பாத்து வருசக் கணக்காச்சி. இவரு தான் சார் டெய்லி பாக்கறாரு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இவன் ஒருத்தனுக்குத் தாம்மா நாம என்னா கேக்கறோம்னு புரிஞ்சிருக்கு" என்று சொல்லி அவனை எடுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். அவர் சொன்னதைக் கவனித்துக் கேட்டிருந்தால் பிற்பாடு எனக்கு அவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

வேறு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களைப் பற்றி விசாரிக்கப் போன் இருந்தது. அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரு மெக்கானிக் எங்களிடம் வந்தான். அந்தத் தொழிற்சாலையின் பர்சனலில் இருந்தவரை மேனேஜர் போனில் கூப்பிட்டார். லைனில் அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சின்னதந்தா ஹுடுக ரீ! கண்ணு முச்கொண்டு தகொள்ளி!"

தங்கம் மாதிரிப் பையன், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம். திறந்து பார்த்தபோது தங்கம் கேன்டீன் சாம்பாரை டம்ளரில் பிடித்துக்கொண்டு, வெறும் தண்ணீர் என்று மேனேஜர் மேசை முன்னால் நின்றிருந்தது. மறுநாள் ரசம். அதற்கடுத்த நாள் ஆளே இல்லை. கேட்டால் யானை.

"சானமாவுக் காட்டுலருந்து யானை எறங்கிடுச்சி சார். ரோட்ட மறிச்சிகிச்சி."

"நீ குடியிருக்கறது மூக்கண்டப்பள்ளில. அங்க யானை வரணும்னா டவுன் பஸ் புடிச்சி தான் வரணும்."

"அதான் சார், பஸ்ல எடமே இல்ல."

இப்படி ஒரு வருடம் போனது. பிறகு தொழிற்பேட்டையில் இன்னொரு தொழிற்சாலையிலிருந்து அவனைப் பற்றி விசாரித்துப் போன் வந்தது. மேனேஜர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். "தங்கமான பையன் சார். விட மனசே இல்ல. ஆனா அவன் முன்னேற்றத்த நாம தடுக்கக் கூடாது பாருங்க." ரிசீவரை வைத்ததும் அன்றைக்குக் கேன்டீனில் பாயசம் போடச் சொன்னார். அந்தத் தொழிற்சாலையும் அவனைத் தங்கம் என்று சொல்லி அடுத்த இடத்துக்குத் தள்ளியது. எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றியே அவன் உயர்ந்துகொண்டு போனான். நான் கடைசியாகக் கேள்விப்பட்டபோது அவனுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள்.

அவன் போன பிறகு மேனேஜர் எனக்கொரு விதி சொன்னார். "ஒருத்தன் ஆள புகழறான்னா தள்ளிவிடப் பாக்கறான்னு அர்த்தம். திட்டறான்னா விட மனசில்லன்னு அர்த்தம். தங்கம்னு சொன்னா தள்ளி வை. திமிரு புடிச்சவன்னு சொன்னா உடனே கூப்புடு."

அந்த விதி பலிக்கவும் செய்தது. "அவனா? வாய் ஜாஸ்தி, எடுத்தீங்கன்னா நீங்க தான் அவஸ்தப்படுவீங்க" என்று ஒரு தொழிற்சாலை எச்சரித்த ஃபிட்டரை எடுத்தோம். இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்த இயந்திரத்தை அவன் எழுப்பி உட்கார வைத்தான். பிறகு இந்தத் தொழிற்பேட்டையில் பர்சனல் ஆட்கள் எல்லோருக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிகள்தான் பாவம், புகழ்ச்சியைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டு பொறுக்கிப் பொறுக்கித் தங்கம் சேர்த்தார்கள்.

என்னிடம் ஒரு வருடம் உதவியாளராக இருந்த அன்வருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். கிருஷ்ணகிரியில் அவர்களுக்கு மாங்காய் மண்டி இருந்தது. அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"எங்க மண்டியிலயும் அப்டி தான் மேடம். நல்ல கூடைய எவனும் கூவி விக்க மாட்டான். தேன் மாதிரி பழம்னு கத்தறான்னா, அடில கைய விட்டுப் பாக்கணும்."

இவன் தேறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். தேறித்தான் விட்டான். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இனி என் மகளுக்கு வருகிறேன். பெயர் ஹேமா. வீட்டில் பாப்பா. அவள் அப்பா காலமான பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். டிப்ளமோ முடித்துவிட்டு மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் சேர்ந்தாள். பெரிய தொழிற்சாலைகளுக்குப் பித்தளைப் புஷ், அதாவது இயந்திரத் தண்டுக்குப் போடும் குழல் வளையம், கடைந்து அனுப்பும் இடம். கடைந்தவை சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. அதன் ஓனர் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். லேத் ஓடும் சத்தத்தை மீறி அவர் சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள்.

நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில் அந்த ஓனரும் கடையைக் கட்டுவதாக அறிவித்தார். ஆர்டர் இல்லை. வீட்டில் இரண்டு பேருக்குமே வேலை இல்லை என்ற நிலை வரப் போகிறது. அந்தச் சமயத்தில்தான் புதிதாகத் திறந்த ஒரு பெரிய தொழிற்சாலை, அளவு பார்க்கும் வேலைக்கு இரண்டே இரண்டு பேரைக் கேட்டிருந்தது. அங்கே கேட்ட வயது வரம்பை ஹேமா எட்டிக்கொண்டிருந்தாள். இதை விட்டால் அங்கே இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். 'உங்களை நன்கு அறிந்த இருவர்' என்ற இடத்தில் அந்த ஓனரின் பெயர் ஒன்றுதான் இருந்தது.

"அந்த மனுசன் பேரையா எழுதின? அவரு நல்ல நாள்லயே திட்டுவாரு."

"அவரு தாம்மா நான் வேல செஞ்சத பாத்தவரு. வேற யார எழுதறது?"

"எனக்குத் தெரிஞ்சவங்க எத்தன பேரு இருக்காங்க..."

"அதான் வேணாங்கறேன். நீங்க யாருக்கும் போன் பண்ணக் கூடாது. சொல்லுங்க, பண்ண மாட்டேன்னு."

"நான் எதுக்குப் பண்றேன்" என்றேன். அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

என் காலத்து மனிதர்கள் மூன்று பேர், மூன்று தொழிற்சாலைகளில் நல்ல பதவியில் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன், அந்தப் புதிய தொழிற்சாலைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் பெண் என்று மட்டும் சொல்லாதீர்கள், சிபாரிசு ஆகிவிடும் என்று. மூன்று பேரில் ஒருவர் கூட ஹேமா வேலை செய்து பார்த்ததில்லை. ஒருவருக்கு மட்டும் முகம் ஞாபகம் இருந்தது.

"ஆயுத பூஜையன்னிக்கி ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வெச்சி ஓடினாளே, அந்தப் பாப்பாவா மேடம்? பழம் கீழயே விழல. போதும் மேடம், நிதானமான பொண்ணுன்னு சொல்லிடறேன்."

நீங்கள் கேட்கலாம். தங்கம் என்றால் தள்ளி வை என்ற விதியைப் பத்துப் பதினைந்து வருடம் கடைப்பிடித்தவளுக்கு இது தோன்றவில்லையா என்று. தோன்றவில்லை. விதி எல்லாம் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு. என் பெண்ணைத் தங்கம் என்று சொன்னால் அது உண்மைதானே என்று இருந்தேன். பெற்றவர்களுக்கு மூளை இருக்கும் இடத்தில் அந்த நேரத்தில் வேறு ஏதோ இருக்கிறது.

நேர்காணல் நன்றாகத்தான் நடந்தது. பிறகு பதில் இல்லை. கூட வந்த வேறொரு பெண்ணை மறுபடியும் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தது. அன்றிரவு சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்த ஹேமா, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளையும் எடுத்துக் கழுவினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "மேடம்!" என்று ஒரு குரல். அன்வர். நன்றாகச் சதை போட்டிருந்தான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அந்தப் புதிய தொழிற்சாலையின் பெயரைச் சொன்னான். ஆள் எடுக்கும் பொறுப்பு முழுவதும் அவனிடம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"நீங்க சொல்லிக் குடுத்தது எவ்ளோ கை குடுக்குது தெரியுமா மேடம்? போன வாரம் ஒரு பொண்ணு. இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு. நேர்ல பாத்தா நல்லா தான் பதில் சொல்லிச்சி. எடுத்திருப்பேன். அதுக்குள்ள மூணு எடத்துலருந்து போன் மேடம், ஒண்ணு மேல ஒண்ணு. தங்கமாம், வைரமாம், நிதானமாம். நாங்க கேக்கவே இல்ல! கேக்காமயே இவ்ளோ கூவறாங்கன்னா, அடில என்னா அழுகலோ? பேப்பரத் தூக்கி அடில போட்டுட்டேன்."

என் கையில் இருந்த தக்காளி நசுங்கியது. கடைக்காரர், "யம்மா, எடுத்தா எடு, இல்லன்னா வை" என்றார்.

அவன் அவளைப் பார்த்ததில்லை, பாப்பா என்ற பெயரை மட்டும்தான் என் வாயால் கேட்டிருக்கிறான். அது என் பெண் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நான் நான்காவது தங்க வியாபாரி. அதுவும் பெற்ற தாய். அவன் மரியாதைக்கு எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் அவள் வேலை செய்யும் நாளெல்லாம் அடியில் கை விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"அந்தப் பொண்ணு வேல செஞ்ச எடத்துல கேட்டியா?" என்றேன்.

"அந்த ஓனரையா? அவரு எல்லாரையும் திட்றவரு மேடம். புகழறவன் பேச்ச நம்ப முடியாது, சரி. எல்லாரையும் திட்றவர் திட்னா மட்டும் அதுல என்னா தெரியும்?"

சரியான கேள்வி. எங்கள் மேனேஜரின் விதியில் இதற்குப் பதில் இல்லை. பயத்தில்தான் எனக்கு அடுத்த வார்த்தை வந்தது, யோசித்து வரவில்லை.

"எப்படிப்பட்ட பொண்ணுன்னு கேக்காத அன்வர். கடைசியா அவ மேல எதுக்குக் கோவப்பட்டீங்கன்னு கேளு."

அவன் பையைக் கீழே வைத்தான். "இது எனக்கு நீங்க சொல்லிக் குடுக்கலயே மேடம். நாளைக்கி காலைல பண்றேன்" என்றான்.

மறுநாள் ஹேமா பெங்களூரில் இன்னொரு நேர்காணலுக்குப் போயிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அந்த ஓனர் என்ன சொல்லப் போகிறாரோ என்று மூக்கண்டப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.

பாதி இயந்திரங்களைக் கழற்றிவிட்டார்கள். ஓனர் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் மனிதர்.

"ஏமம்மா? என்னா வேணும்?"

ஹேமாவின் அம்மா என்றேன். அந்த முகம் இளகியதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

"உங்க பொண்ணாம்மா? தங்கமான பொண்ணு!"

"சார், அந்த வார்த்த மட்டும் வேணாம்."

"எந்த வார்த்த?"

"தங்கம்."

"வெள்ளின்னு சொல்லட்டுமா?"

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். இப்போது ஒரு போன் வரும், என் பெண்ணைக் கொஞ்சம் திட்டுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இத்தன வருசமா திட்டாதீங்கன்னு சொல்லத் தாம்மா என்கிட்ட ஆள் வந்திருக்கு. திட்டுங்கன்னு கேட்டு வந்தது நீங்க தான். ஆனா வராதும்மா. மூடற நேரம். யாரப் பாத்தாலும் பாவமா இருக்கு. பொய்யும் சொல்ல மாட்டேன். நல்ல பொண்ணு, நல்ல பொண்ணுன்னு தான் சொல்வேன்."

ஊரே பயந்த வாய், என் வீட்டுக்குத் தேவைப்பட்ட அன்றைக்குச் சாந்தமாகிவிட்டது. போன் அடித்தது.

"ஆமா, ஆமா. ஹேமா. நல்ல பொண்ணு சார். நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போவும். ரொம்ப மரியாத."

வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

"ஏம்மா கைய ஆட்றீங்க, ஈ ஓட்றீங்களா? ... உங்கள இல்ல சார், இங்க ஒரு அம்மா. நீங்க கேளுங்க."

அந்தப் பக்கம் அன்வர் ஏதோ கேட்டான். ஓனரின் காது மடல் சிவந்தது.

"கோவமா? எனக்கா? அந்தப் பொண்ணு மேலயா?" எழுந்து நின்றுவிட்டார். "கேட்டுட்டீங்க, சொல்றேன் கேளுங்க! லாரி கேட்டுல நிக்குது. டிரைவர் ஆரன் அடிக்கறான். புஷ் எல்லாம் பொட்டில போட்டு ஆணி அடிச்சாச்சி. இந்தப் பொண்ணு வந்து பொட்டி மேல ஏறி உக்காந்துகிச்சி சார்! உக்காந்துகிச்சி! ஓட்ட பெருசா இருக்கு, அனுப்பக் கூடாதாம். நான் கத்தறேன், தெருவே வந்து நின்னு பாக்குது, அது அசையல. எல்லாப் பொட்டியும் பிரிங்க, அப்பறம் எழுந்திருக்கறேன்னுது. என் கம்பெனில, என் பொட்டி மேல உக்காந்துகிட்டு! லாரி வெறுமனே போச்சி. ஆர்டரும் போச்சி சார்!"

தொழிற்கூடத்தில் இயந்திரம் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்வர் மறுபடியும் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"என்னா கேட்டீங்க? அவ சொன்னது தப்பான்னா?" ஓனர் மூச்சு வாங்கினார். "தப்பு இல்ல. பிரிச்சிப் பாத்தா பாதிப் பொட்டி அப்டி தான் இருந்திச்சி. அவ சொன்னது சரி. அதனால தான்யா எனக்கு இன்னும் கோவம் ஆறல!"

ரிசீவரை அறைந்து வைத்தார். நாற்காலியில் விழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்கம்மா. நல்லதா நாலு வார்த்த சொல்லணும்னு தான் இருந்தேன். கெடுத்துட்டேன்."

அந்த லாரி விஷயம் எனக்கே தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் ஹேமா நேரம் கழித்து, முகமெல்லாம் வீங்கி வந்தாள். கேட்டதற்கு, பஸ் லேட் என்றாள். நான் நம்பி, பஸ்ஸைத் திட்டினேன். பெற்று வளர்த்த எனக்கு அவளைப் பற்றிச் சொல்லத் தங்கம் என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. ஒரு தெருவே நின்று பார்க்கக் கத்திய மனிதரிடம் சொல்வதற்கு ஒரு முழு நாளின் கதை இருந்தது.

அந்த வாரமே வேலைக்கான ஆணை வந்தது.

ஆகவே, டை கட்டிய என் தம்பி தங்கைகளே, ஆளைப் பற்றி விசாரிக்கும்போது 'எப்படி' என்று கேட்காதீர்கள். எப்படி என்று கேட்டால் இந்த ஊரில் நாலு மொழியிலும் தங்கம் என்றுதான் பதில் வரும். என்ன நடந்தது என்று கேளுங்கள். நடந்த ஒன்றைச் சொல்லத் தெரிந்தவர்தான் அந்த ஆளைப் பார்த்தவர். எங்கள் மேனேஜரின் விதி பாதிதான் சரி. புகழ்வதும் திட்டுவதும் வெறும் சத்தமாக இருந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. வேலை தேடும் நிலை உங்களுக்கே வந்தால், அந்த இடத்தில் பெரிய மனிதர் பெயரை எழுதாதீர்கள். கண்டக்டர் பெயரையாவது எழுதுங்கள். முக்கியமாக, வீட்டில் இருக்கும் பெற்றவர்களை எஸ்.டி.டி. பூத் பக்கம் விடாதீர்கள்.

வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் ஹேமா சிரித்துக்கொண்டே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அன்வர் சார்னு ஒருத்தர் இருக்காரு. எங்க ஓனரு அவருகிட்ட என்னா கத்து கத்தினாருன்னு நடிச்சே காட்டினாரு. அப்பறம் கேக்கறாரு, யாரும்மா அந்த மூணு பேரு, உன்னத் தங்கம்னு சொல்லி உன் பேப்பரையே அடில தள்ளினதுன்னு. எனக்குத் தெரியாது சார்னேன். அதுல ஒருத்தரு நான் நிதானமான பொண்ணுன்னு சொன்னாராம்மா. லாரிய மறிச்சவள! யாரா இருக்கும்?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

பின்னாலேயே வந்து வாசலில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, அடுப்பே பத்த வெக்கலயே."

பற்றவைத்தேன். பாலைக் காய வைத்தேன். அது பொங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.